தம்பி மகள்

ஆஸ்பத்திரி விரிப்புகள் எங்கே போய் வெளுத்து வருகின்றன என்று அதில் படுத்துக் கிடப்பவர்கள் யாரும் யோசிப்பதில்லை. எங்களிடம்தான் வருகின்றன. ஊருக்கு வெளியே, லாரிகள் நிற்கும் மைதானத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. ஒரு பக்கம் அழுக்கு மூட்டை இறங்கும், மறுபக்கம் மடித்த கட்டு ஏறும். நடுவில் நாங்கள். வாசலில் 'எங்கள் குடும்பம் பதினெட்டு மொழி பேசுகிறது' என்று மேனேஜர் ஒரு பலகை மாட்டியிருக்கிறார். உள்ளே இயந்திரங்கள் போடும் சத்தத்தில் ஒரு மொழியும் பேச முடியாது. எல்லாம் சைகைதான்.

அண்ணனும் நானும் உருளையில் வேலை. ஈர விரிப்பின் இரண்டு முனையை அவர் பிடிப்பார், இரண்டு முனையை நான் பிடிப்பேன். உதறி, இழுத்து, சுருக்கமில்லாமல் சூடான உருளைக்குள் விடவேண்டும். எதிர்ப்பக்கம் அது காய்ந்து, தொட்டால் கை சுடும்படி வெளியே வரும். மழைக்காலத்தில் வெளியே சில்லென்று இருக்கும், உள்ளே ஆவியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பதினோரு வருஷமாக எதிரில் அந்த மனுஷன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் பெண்டாட்டி முகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அவளும் அதையேதான் சொல்வாள்.

அவர் எனக்குச் சொந்தக்காரர் இல்லை. வேலைக்கு வந்த முதல் நாள் அண்ணே என்று கூப்பிட்டேன், அண்ணனாகவே ஆகிவிட்டார். அவர் சம்சாரம் அண்ணி. என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி அவர்கள் வீடு. அங்கே ஒரு மகன், படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டான். அடுத்தது சின்னவள். பதினேழு வயது. என்னைச் சித்தப்பா என்பாள்.

சின்னவள் அவர்களுக்குப் பிறந்தவள் இல்லை. இது ஒரு ரகசியமும் இல்லை. அண்ணனின் தம்பியும் தம்பி சம்சாரமும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே விபத்தில் செத்தார்கள். குழந்தைக்கு அப்போது மூன்று வயது. அன்று மாலையே தூக்கிக்கொண்டு வந்து தங்கள் மகனுக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டார்கள். அவ்வளவுதான் நடந்த சடங்கு. அவள் அவர்களைப் பெரியப்பா, பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள், அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா பேர் கேட்டார்கள். அண்ணன் தன் பேரைச் சொன்னார். பாஸ்போர்ட்டிலும் அதே பேர் ஏறிக்கொண்டது.

பிழைக்க வந்த இந்த நாட்டுக்குக் குடும்பத்தைக் கூட்டிவர ஒன்பது வருஷத்துக்கு முன் மனு போட்டோம். போட்டோம் என்று சொல்கிறேன், ஏனென்றால் எழுதியது நான். இங்கே உள்ள நம் ஆட்களுக்கெல்லாம் கடிதம் படிப்பதும் பாரம் நிரப்புவதும் என் தலையில்தான். எனக்கு இந்த மொழி கொஞ்சம் கூடுதலாக வரும் என்று ஒரு பேச்சு, எனக்கும் அதில் ஒரு பெருமை.

"அண்ணே, சின்னவளுக்கு அப்பா பேருன்னு கேக்குது. தம்பி பேர எழுதவா, உங்க பேர எழுதவா?"

"தம்பி பேர எழுதினா அவனா எழுந்து வந்து கூட்டிட்டு வரப்போறான்? என் பேர எழுதுடா."

"தத்தெடுத்த காகிதம் ஏதாச்சும் இருக்கா? அதுக்குத் தனியா ஒரு கட்டம் போட்டிருக்கான்."

அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "யாரு புள்ளைய யாரு தத்தெடுக்கறது? அடுத்தவன் புள்ளையத்தான் தத்தெடுப்பாங்க. என் தம்பி புள்ளைய நான் தத்தெடுத்தேன்னு சொன்னா, அதுக்கு முன்னாடி அது எனக்கு யாரோவா இருந்துச்சுன்னு ஆயிடாது? ஊர்ல காறித் துப்ப மாட்டாங்க?"

எனக்கு அந்தக் கட்டத்தின் அர்த்தம் நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதைத் தாண்டிப்போய் 'மகள்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும். அண்ணன் காட்டிய இடத்தில் கோழி கிறுக்கியதுபோல் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

சின்னவள் படிக்கும் பள்ளியில் வருஷத்துக்கு ஒரு வாரம் 'பல வேர்கள்' என்று ஒன்று நடத்துவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் நாட்டிலிருந்து எதையாவது கொண்டுவந்து காட்டவேண்டும். ஒருத்தன் தொப்பி, ஒருத்தி மணிமாலை. சின்னவள் வருஷாவருஷம் அண்ணியின் பட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டு போவாள். எல்லாரும் தொட்டுப் பார்ப்பார்கள், அழகு என்பார்கள். வீட்டுக்கு வந்து அவிழ்த்துப் போடுவாள். இந்த வருஷம் முடியாது என்றுவிட்டாள்.

"ஜவுளிக்கடை பொம்மை மாதிரி என்னால நிக்க முடியாது பெரியம்மா. உருப்படியா ஏதாச்சும் செய்யறேன்."

அவள் செய்தது ஓர் உறவு அட்டை. கதவளவு பெரிய அட்டை. நடுவில் தன் படத்தை ஒட்டி, சுற்றிலும் கோடு இழுத்து, பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி, மச்சான், நாத்தனார் என்று ஒவ்வொன்றையும் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இந்த ஊர் மொழியில் விளக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வீடு முழுக்கப் பசையும் பேனாவும் இறைந்து கிடந்தன. அண்ணி தரையில் உட்கார்ந்து காய் நறுக்கியபடியே மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, இவங்களுக்கு அப்பாவோட அண்ணன், தம்பி, அம்மாவோட தம்பி எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதான். நம்மகிட்ட இத்தனை இருக்குன்னா கிளாஸ்ல வாயப் பொளக்கறாங்க."

"ஒரே வார்த்தைய வச்சிக்கிட்டு கல்யாண வீட்டுல யாரை எங்க உக்கார வைப்பாங்களாம்?" என்றார் அண்ணி. "பாவம்டி அவங்க."

"அவங்க கல்யாணத்துல மொத்தமே இருபது பேருதான் பெரியம்மா. எங்க வேணா உக்காரலாம்."

அண்ணி சிரித்தார். பிறகு அட்டையைக் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். "ஏண்டி, உங்கப்பன எங்க காணோம்?"

"செத்தவங்களையும் போடணுமா?"

"போடாம? செத்துட்டா உறவு அத்துப்போயிடுமா? அவன் படம் அந்தப் பொட்டியில இருக்கு, எடுத்து ஒட்டு. உங்கம்மாவையும் போடு. அவங்க இல்லாம நீ ஏது?"

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பாரம் நிரப்பிய கை இதே கைதான். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. படத்தை நேராக ஒட்டு, கோணலாக இருக்கிறது என்று யோசனைவேறு சொன்னேன். அப்பா என்று எழுதி, 'எனக்கு மூன்று வயதானபோது இறந்துவிட்டார்' என்று கீழே எழுதினாள். பெரியப்பா என்று எழுதி, 'என் அப்பாவின் அண்ணன். என்னை வளர்ப்பவர். எங்கள் மொழியில் இவரும் அப்பாதான்' என்று எழுதினாள். அண்ணனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள். அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பள்ளியில் அதற்குத்தான் முதல் பரிசு. அதோடு விட்டார்களா என்றால் இல்லை. ஊர் நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் கொண்டுபோய் மாட்டினார்கள். அண்ணி என் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தார். அங்கே வருகிற போகிறவர்கள் நின்று தமிழ் எழுத்தைப் பார்த்ததையும், ஒரு வெள்ளைத்தாடிக்காரர் விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டியதையும் கதை கதையாகச் சொன்னார். எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. வெளியூரில் இருக்கும் என் மகன் போனில் இந்த ஊர் மொழியைத் தவிர வேறு பேசுவதில்லை. என் வீட்டில் நடக்காதது அங்கே நடந்ததே என்று பொறாமையும் இருந்தது.

அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில்தான் குடியிருப்பு அனுமதி அலுவலகம். சின்னவளுக்குப் பதினெட்டு ஆகப்போகிறது, இனித் தனி அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டும் என்று போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தாள். கைரேகை எடுத்த அதிகாரி சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி, திரும்பிப் போக லிஃப்டுக்காக நின்றிருக்கிறார். காலையில் பார்த்த பெண்ணின் முகம் சுவரில் பெரிதாகத் தெரிந்தால் யாரும் நின்று படிக்கத்தான் செய்வார்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடிதம் வந்தது. அண்ணன் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து வேலைக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு நேரத்தில் நீட்டினார். பிரித்துப் படித்தேன். மனுவில் தந்தை என்று ஒருவர், பொது இடத்தில் தந்தை இறந்தார் என்று இன்னொருவர், இதற்கு விளக்கம் தர நேரில் வரவேண்டும், தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனை, பொய்த் தகவல் என்று நிரூபணமானால் அனுமதி ரத்து, நாட்டைவிட்டு வெளியேற்றம். கூடவே உறவு அட்டையின் புகைப்படத்தை இணைத்திருந்தார்கள். வண்ணத்தில், எல்லா எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.

"என்னடா போட்டிருக்கான்? பரிசா?" என்றார் அண்ணன்.

நான் சொன்னேன். அவர் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அனுப்பினா எங்க அனுப்புவான்? அங்க அவளுக்கு யாருடா இருக்கா? பூட்டின வீடுகூட இல்லையே," என்றார்.

காசு வாங்காமல் வழக்குப் பார்க்கும் வக்கீலம்மா ஒருத்தி இருந்தாள். சின்னப் பெண்தான், பேச்சில் நல்ல தெளிவு. அவள் சொன்னதை வரிவரியாக அண்ணனுக்கும் அண்ணிக்கும் நான் தமிழில் சொன்னேன். மகள்தான் என்று அடித்துப் பேசினால் இரத்தத்தை எடுப்பார்கள், மூன்று பேருக்கும் ஆபத்து. ஒரே ஒரு வழி இருக்கிறது. பதினெட்டு ஆவதற்குள், பெற்றோர் இல்லாத பிள்ளை என்று சின்னவள் தன் பேரில் தனியாக மனுப் போடலாம். ஒன்பது வருஷம் இங்கேயே படித்தவள், கிடைத்துவிடும். ஆனால் அதற்கு அவள் ஒரு பாவமும் அறியாதவள் என்று ஆகவேண்டும். தெரிந்தே பொய் சொன்னவர் அண்ணன் என்று ஆகவேண்டும்.

"அதாவது என்ன சொல்லணும்?" என்றார் அண்ணன்.

"இந்தப் பொண்ணு என் மக இல்ல. தெரிஞ்சே மகன்னு பொய் சொன்னேன். அவ்வளவுதான்," என்றேன்.

அண்ணி எழுந்துவிட்டார். "நல்லா இருக்குடா உங்க நியாயம். சுவத்துல மாட்டி வச்சு அழகு அழகுன்னு சொன்னீங்களே, அதுல எழுதியிருக்கறது என்னவாம்? இவரும் அப்பாதான்னு புள்ள எழுதியிருக்காளே, அது அவங்க கண்ணுல படலையா? கேளு, அந்தம்மாகிட்ட கேளு."

கேட்டேன். வக்கீலம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பதில் சொன்னாள். உங்கள் பண்பாட்டின் மேல் அவர்களுக்கு நிஜமாகவே மரியாதை உண்டு, ஆனால் சுவருக்கு ஒரு சட்டம், பாரத்துக்கு ஒரு சட்டம் என்றாள். இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பட்டிருக்கும் அண்ணி, ஆனா அது செல்லாதாம்," என்று முடித்துக்கொண்டேன்.

"தெரிஞ்சே பொய் சொன்னேன்னு வாய் கூசாம எப்படிச் சொல்லுவேன்?" என்றார் அண்ணன். "நான் பொய் சொல்லலையேடா."

"சொல்லித்தான் ஆகணும்," என்றார் அண்ணி. ஒரு நிமிஷத்துக்கு முன் எகிறியவர் அதே வேகத்தில் திரும்பியிருந்தார். "அவ இங்க இருக்கணுமா வேணாமா? உங்க வாய் கூசறதா இப்ப பெருசு? சொல்லுங்க. சொல்லிப் பழகுங்க."

மூன்று நாள் சாயங்காலம் பழகினோம். மழை விடாமல் பெய்தது. சமையல் மேசைக்கு ஒரு பக்கம் நான் அதிகாரியாக உட்கார்ந்தேன், எதிரில் அண்ணன். அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டே காது கொடுத்திருப்பார். சின்னவள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள்.

"இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

"மக."

"அண்ணே!"

"சரிடா, தம்பி மக."

"உங்க மகளா?"

"தம்பி மகன்னா மகதானே?"

"ஐயோ, அப்படிக் கேள்வி கேட்டா அதிகாரி கெட்டியாப் புடிச்சுக்குவான். இல்லைன்னு சொல்லுங்க."

"இல்ல." அடுப்பிலிருந்து அண்ணி, "சத்தமா," என்றார். "இல்லைங்க," என்றார் அண்ணன். இஸ்கூல் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அண்ணி கரண்டியோடு திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கினோம். மூன்றாம் நாள் ஐந்து தடவைக்கு நாலு தடவை சரியாகச் சொன்னார்.

விசாரணை அறை சின்னது. ஜன்னல் இல்லை. ஒரு மேசை, தண்ணீர்க் கோப்பைகள், நடுவில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். மொழிபெயர்ப்பாளர் நேரில் வரமாட்டாராம், வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெட்டி வழியாகப் பேசுவாராம். குடும்ப நண்பர் என்று என்னைப் பின் நாற்காலியில் உட்கார விட்டார்கள், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டு வந்திருந்தார். பக்கத்தில் சின்னவள், அவளுக்கு அடுத்து வக்கீலம்மா. அண்ணியை உள்ளே விடவில்லை, வெளியே பெஞ்சில் இருந்தார்.

அதிகாரி மரியாதையான ஆள். முதலில் உறவு அட்டையைப் பாராட்டினார். தனக்கும் இரண்டு பெண்கள் என்றார். அப்புறம் பேனாவை எடுத்தார்.

"மனுவை நிரப்பியது யார்?"

பெட்டி அதைத் தமிழில் கேட்டது. அண்ணன் பின்னால் திரும்பவே இல்லை.

"நானே எழுதினேங்க," என்றார்.

அந்த மனுஷனுக்கு இந்த ஊர் மொழியில் தன் பேரைக்கூட எழுத வராது. ஒரு காகிதத்தை நீட்டி எழுதிக் காட்டச் சொல்லியிருந்தால் அதோடு தீர்ந்தது. அதிகாரி கேட்கவில்லை. குறித்துக்கொண்டார். நான் எழுந்து, இல்லை ஐயா, நான்தான் எழுதினேன், எனக்கு அந்தக் கட்டத்தின் அர்த்தம் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனை எனக்கு அப்போது நன்றாக உதவியது.

"இந்தப் பெண் உங்களுக்கு என்ன உறவு?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். வலது பக்கம் திரும்பிச் சின்னவளைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

"மகங்க," என்றார்.

வக்கீலம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அதிகாரி மறுபடி கேட்டார். "தம்பி மகங்க. ஆனா மகதாங்க. மூணு வயசுலேருந்து எங்கிட்டதான் இருக்கு. காச்சல் வந்தா நாங்கதான் பாத்தோம். நான் பொய் சொல்லலைங்க," என்று அவர்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். பெட்டி பின்னாலேயே மொழிபெயர்த்துக்கொண்டு ஓடியது. அதிகாரியின் பேனா ஓர் இடத்தில் நின்றது. பொய் சொல்லவில்லை என்கிறீர்களா, இரத்தப் பரிசோதனைக்குச் சம்மதமா என்று கேட்டார்.

சின்னவள் எழுந்து நின்றாள். இந்த ஊர் மொழியில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல், அதிகாரியைப் பார்த்துப் பேசினாள். நான்கே வாக்கியம். அண்ணனுக்குப் புரியவில்லை, அவள் முகத்தையும் அதிகாரி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அறையில் பேசுகிற எல்லாவற்றையும் தமிழில் சொல்லவேண்டியது மொழிபெயர்ப்பாளரின் வேலை. அவர் வேலையைச் செய்தார். சோப்புப் பெட்டியிலிருந்து யாரோ ஓர் ஆண் குரல், செய்தி வாசிப்பதுபோல் சொன்னது.

"இவர் என் தந்தை அல்ல. என் தந்தை இறந்துவிட்டார். இவர் தெரிந்தே பொய் சொன்னார். என்னையும் பொய் சொல்லும்படி மிரட்டினார்."

கடைசி வாக்கியம் யாரும் சொல்லிக்கொடுக்காதது. தன் கேஸுக்குப் பலம் வேண்டும் என்று அவளாகவே சேர்த்துக்கொண்டது. கெட்டிக்காரி.

அண்ணன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மூன்று நாள் பழகியும் வராத வார்த்தைகள் அவருக்குச் சுலபமாக வந்துவிட்டன.

"ஆமாங்க. அவ சொல்றது சரிதான். நான்தான் மிரட்டினேன்."

வெளியே வந்ததும் அண்ணி, "சொன்னாரா? சொல்லிட்டாரா?" என்று என் கையைப் பிடித்தார். "சொல்லிட்டாரு அண்ணி," என்றேன். அண்ணி கண்ணை மூடித் திறந்தார். பஸ்ஸில் சின்னவள் முன் ஸீட்டில் தனியாக உட்கார்ந்தாள். அண்ணன் நின்றுகொண்டே வந்தார்.

அவளுக்கு அனுமதி கிடைத்தது. வக்கீலம்மா போனில் சொன்னபோது அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதார். சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. அடுத்த கடிதம் குழந்தைகள் நலத்துறையிலிருந்து. பெற்றோர் இல்லை, சட்டப்படி பாதுகாவலர் இல்லை, வசிக்கும் வீட்டில் பெரியவர் மிரட்டியதாகப் பிள்ளையே வாக்குமூலம் தந்திருக்கிறது. அந்த வீட்டில் அவளை வைத்திருக்க முடியாது. பொய் மனுவுக்காக அண்ணன் மீது நடக்கும் விசாரணை முடியும்வரை வேறு வீடு.

அந்தத் துறையிலிருந்து வந்த அம்மாள் எப்போதும் சிரித்த முகம். அவள் என் வீட்டுக்கு வந்து காலி அறையைப் பார்த்தாள், கட்டிலை அழுத்திப் பார்த்தாள், என் பெண்டாட்டியிடம் என்ன சமைப்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பிள்ளை தன் மொழியை, தன் சாப்பாட்டை, தன் பண்பாட்டை இழந்துவிடக் கூடாது, அது எங்கள் கொள்கை என்றாள். இந்த ஊரில் தனி அறையோடு தமிழ் பேசும் வீடு வேறு இல்லையாம். என் பேரில் எந்தப் புகாரும் இல்லை, எந்தப் பொய் மனுவிலும் என் கையெழுத்து இல்லை. மிகவும் பொருத்தமான வீடு என்றாள். நானும் கையெழுத்துப் போட்டேன். அண்ணனும் அண்ணியும் அவளைப் பார்க்கக் கூடாது, போன் கூடாது, என் மூலமாக ஒரு சேதிகூடப் போகவோ வரவோ கூடாது. மீறினால் அவளை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே நம் ஆட்கள் யாரும் கிடையாது.

ஒரு பையும் புத்தகப் பெட்டியுமாகச் சின்னவள் வந்தாள். "வா கண்ணு," என்று என் பெண்டாட்டி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். போட்டதைக் கொஞ்சம் கொறித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், பாத்திரம் கழுவினாள். என் மகன் படுத்த கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

கொட்டகையில் அண்ணன் என் எதிரில்தான். விரிப்பை உதறினோம், இழுத்தோம், உருளைக்குள் விட்டோம். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் துணியின் விளிம்பைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்குத்தான் கெடுதல் என்று அவருக்குத் தெரியும். நாலு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் வேலை முடிந்து சட்டை மாற்றும் இடத்தில் ஒரு டப்பாவை என் பையில் வைத்தார்.

"உனக்குத்தான்டா. உங்க அண்ணி உனக்குன்னு குடுத்து விட்டா."

"அண்ணே, சேதி ஏதும்..."

"சேதியெல்லாம் இல்ல. சோறு."

வீட்டுக்கு வந்து டப்பாவை மேசையில் வைத்துத் திறந்தேன். சோறு, பருப்புக் குழம்பு, ஓரத்தில் இரண்டு முட்டை. முட்டையைப் பாதியாக வகுந்து, மஞ்சள் கருவைத் தனியே எடுத்து வைத்திருந்தது. எனக்கு மஞ்சள் கரு பிடிக்கும். பிடிக்காதவள் அறை வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"அன்னிக்கு அந்த ரூம்ல நான் என்ன சொன்னேன்னு பெரியம்மாவுக்குத் தெரியுமா சித்தப்பா?"

"தெரியும். அண்ணன் சொல்லியிருப்பாரு."

"மிரட்டினார்னு சொன்னதுமா?"

"எல்லாந்தான்."

"தெரிஞ்சுமா குடுத்து விட்டாங்க?"

"நீ ஏன் சொன்னேன்னு அவங்களுக்குத் தெரியாதா கண்ணு? சாப்பிடு."

அவள் டப்பாவுக்குக் கிட்டே வந்தாள். ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாப்பிட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மூடியை எடுத்து அழுத்தி மூடினாள்.

"என்னால முடியாது சித்தப்பா. எடுத்துட்டுப் போயிடுங்க. நாளைக்கும் குடுத்தா வாங்காதீங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் அழுத சத்தம் என் பெண்டாட்டி குழாயைத் திறந்துவிட்ட பிறகும் கேட்டது.

கொட்ட மனம் வரவில்லை. அப்படியே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கவும் தைரியம் இல்லை. அடுப்படியில் நின்றுகொண்டே அவ்வளவையும் நானே தின்றேன். வெள்ளைக் கருவை மட்டும் முதலில் தின்றேன், ஏன் என்று தெரியாது. என் பெண்டாட்டி பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கழுவின டப்பாவைக் கொடுத்தேன். சாப்பிட்டாளா என்று அவர் கேட்கக் கூடாது, நான் சொல்லக் கூடாது. டப்பாவைக் கையில் வாங்கினார். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை ஆட்டினார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். அத்தனை நாளில் முதல் தடவையாக, எதிரில் நின்ற என் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தார். அன்று முழுக்க விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் உருளைக்குள் போனது.

அதற்கு மறுநாள் டப்பா இன்னும் கனமாக இருந்தது. மூடி மூடவில்லை. துணியைச் சுற்றி, சிந்தாமல் இருக்க இரண்டு முடிச்சுப் போட்டிருந்தார் அண்ணி.